நீறு பூத்த நெருப்பு

அருவங்காடு,
மார்கழி 24

அம்மிணி,

நீ அனுப்பிய செவ்வாய்ப் பயணக் கணக்கைப் பார்த்தேன். அணு எஞ்சின் அரை மணி நேரம் "எரிகிறது", அப்புறம் "நிறுத்தம்". அந்த "நிறுத்தம்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் பெரிதாக இடிக்கிறது.

முதலில், "எரிகிறது" என்று எழுதாதே. அங்கே எதுவும் எரிவதில்லை. கார்டைட் வெடிமருந்து செய்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? மைனஸ் 253 டிகிரியில் வரும் திரவ ஹைட்ரஜன், யுரேனிய எரிபொருள் தண்டுகளின் துளைகளில் ஓடி 2,200 டிகிரி சூடேறி நாசில் என்ற பின்பக்கக் குழல் வழியே பாய்கிறது, அவ்வளவுதான். ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சின் இதைவிடச் சூடானது. ஆனாலும் அதன் ஐஎஸ்பி, அதாவது கொடுத்த உந்துபொருளுக்கு எவ்வளவு தள்ளல் கிடைக்கிறது என்ற அளவு, 450 நொடி. இது 800ஐத் தாண்டும். அதிலிருந்து வெளியேறும் நீராவி மூலக்கூறின் எடை 18, இங்கே வெளியேறும் ஹைட்ரஜனுக்கு 2; லேசானது வேகமாகப் பாயும். வித்தியாசம் அங்கே இருக்கிறது. இந்தப் பகுதியைச் சரியாகவே போட்டிருக்கிறாய்.

இனி நிறுத்தம். உலையைச் சுற்றியுள்ள, நியூட்ரானை உள்ளே திருப்பி அனுப்பும் பெரிலிய உருளைகளைத் திருப்பி, நியூட்ரானை விழுங்கும் போரான் முகத்தை உள்பக்கம் கொண்டுவந்தால் பிளவு வினை அடங்கிவிடும். பிளந்த யுரேனிய அணுக்களின் துண்டுகள் அடங்காது, கதிர்வீசி வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். இந்த உறைபனிக்கு ராத்திரி கணப்பில் போட்ட கற்பூர மரக் கட்டையை விடிகாலையில் கிளறிப் பார், உள்ளே கங்கு கிடக்கும். காற்றை அடைத்தால் கங்காவது சாகும். இந்த உலை வெப்பத்தை எதைப் போட்டும் மூட முடியாது. உன் 1,000 மெகாவாட் உலை அரை மணி ஓடி நின்றால், ஒரு நிமிஷம் கழித்தும் 10 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் கக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 1 மெகாவாட். அதனால் குளிர்விக்க, இடைவெளி விட்டு விட்டு ஹைட்ரஜனைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜன் உன் கணக்கில் எங்கே? அதுவும் நாசில் வழியாகத்தான் போகும். குறைந்த ஐஎஸ்பியில் கப்பலைக் கொஞ்சம் தள்ளும், பாதை மாறும். ஒரேயடியாகக் கொட்டவும் கூடாது. திடீரெனக் குளிர்ந்தால் எரிபொருள் தண்டின் கிராஃபைட்டும் அதைக் காக்கும் கார்பைடு பூச்சும் ஒரே அளவில் சுருங்காது. பூச்சு விரிசல் விட்டால், அடுத்த ஓட்டத்தில் சூடான ஹைட்ரஜன் கிராஃபைட்டை அரித்துவிடும்.

குளிர்விக்க ஹைட்ரஜன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று 1965 ஜூனில் அமெரிக்காவின் நெவாடாவில் பார்த்தார்கள். ஃபீபஸ்-1ஏ என்ற ராக்கெட் சோதனை உலை முழுச் சக்தியில் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. கதிர்வீச்சில் தொட்டியின் அளவுமானி ஏமாந்து, காலித் தொட்டியில் இன்னும் ஹைட்ரஜன் இருப்பதாகக் காட்டியது. கோளாறு உலையில் தொடங்கவில்லை, பம்பிலும் தொடங்கவில்லை. மானி சொன்ன பொய்யில் உள்ளகம் வெந்து பாழானது.

ஆகவே "நிறுத்தம்" வரியை அடித்துவிட்டு நேரவாரியாக ஒரு அட்டவணை போடு: வெப்பம் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, தள்ளல் எவ்வளவு. தொட்டிக்கு வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது மானி ஒன்றும் வேண்டும். தொட்டியின் எடை கூடும், கூடட்டும். திருத்தியதும் அனுப்பு.

அப்பா