பென் டிரைவைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பினாங்குப் பெற்றோர், பென் டிரைவ் திறக்கவில்லை என்றதும் புதியது வாங்க ஓடுகிறார்கள். பல நேரங்களில் அது வீண் செலவு.

பென் டிரைவைச் செருகி, டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளையை இடுங்கள்; இணைந்துள்ள சேமிப்புக் கருவிகளை அது பட்டியலிடும். 'எஸ்டிபி' (sdb) என்றோ 'எஸ்டிசி' (sdc) என்றோ புதிய வரி வந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் இடையில் உள்ள ஹப்பைக் (பல துளை இணைப்பானை) கழற்றி, வேறு துளையில் நேராகச் செருகிப் பாருங்கள்.

பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான 'எக்ஸ்ஃபேட்' (exFAT) தெரியாது என்று பிழை வந்தால் லினக்ஸ்தான் பழசு. 2019இல் வந்த 5.4 கெர்னலில்தான் (லினக்ஸின் மையப் பகுதியில்தான்) அந்த வசதி சேர்ந்தது. உபுண்டு 18.04 போன்ற பழைய லினக்ஸ் பதிப்புகளில் 'எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ்' (exfat-fuse) தொகுப்பை நிறுவினால் போதும்.

அதிகம் படுத்துவது விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் (NTFS). விண்டோஸில் எழுதி முடிக்குமுன் பிடுங்கினால் 'டர்ட்டி' (சரியாக மூடப்படவில்லை) என்ற குறி விழும்; லினக்ஸ் அதை மவுன்ட் செய்ய, அதாவது திறந்து காட்ட, மறுக்கலாம். லினக்ஸின் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' (ntfsfix) கட்டளை சில்லறைப் பழுதைச் சரிசெய்யும், முழுச் சோதனை அல்ல. அக்கம்பக்கத்தில் விண்டோஸ் கணினி இருந்தால் அதில் 'செக்டிஸ்க்' (chkdsk) என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி, முறையாக வெளியேற்றி எடுப்பதே நல்லது. ஃபார்மேட் செய்யச் சொல்லும் கடைக்காரர் பேச்சை உடனே கேட்காதீர்கள், கோப்புகள் போய்விடும்.

இப்படிக்கு,
வாசகர், ஜார்ஜ்டவுன்