எதிர்வீட்டு மாடியில் ஒரு கோபுரம்: நண்பருக்குக் கடிதம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பர் கலியமூர்த்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, தாங்களே கைப்பட எழுதும் அளவுக்குத் தேறிவிட்டதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் தங்கள் எதிர்வீட்டு மாடியில் செல்பேசிக் கோபுரம் வரப்போவதாகவும், கதிர்வீச்சுக்கு அஞ்சித் தெருவே திரண்டு மனு எழுதுவதாகவும், பேத்தி படுக்கும் அறை அந்தப் பக்கமே இருப்பதால் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இயற்பியல் வாத்தியார் என்பதற்காக மட்டுமன்றி, சென்ற ஆண்டே எங்கள் தெருவில் அப்படியொரு கோபுரம் முளைத்துவிட்டது என்பதாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபுரத்தின் மேற்புறத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பலகைகள் போல மூன்று திசை நோக்கி நிற்பவைதாம் ஆன்டெனாக்கள். அவற்றின் அலை நாலாபுறமும் மழைபோல் பொழிவதில்லை. ஏறத்தாழக் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த கற்றையாகச் செல்கிறது. இடம் கொடுத்த வீட்டுக் குழந்தைகளுக்காகத் தெருவே பரிதாபப்படுவதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் அந்த வீட்டாரைவிட, பலகைகளுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் மாடி வைத்திருப்பவர் மீதுதான் அலை கூடுதலாகப் படும். ஆனால் அந்தச் செறிவும் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கற்றையின் பாதையில் 10 மீட்டரில் இருப்பது 100 மீட்டரில் நூற்றில் ஒரு பங்காகிவிடும். செல்பேசிக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பன்னாட்டு வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட். நம் அரசு 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அதைப் பத்தில் ஒன்றாக, 0.45 வாட்டாகக் குறைத்தது.

புற்றுநோயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் இவ்வகை அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரியவற்றின் பட்டியலில், சேர்த்தது உண்மைதான். தங்கள் தெருவில் சுற்றும் துண்டறிக்கை இதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதே பட்டியலில் ஆசிய மரபுமுறையில் ஊறவைத்த காய்கறிகளும் உண்டு என்பதை அது சொல்லாது. 2024இல் அதே உலக சுகாதார நிறுவனத்தின் கோரிக்கையின் பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், செல்பேசியைப் பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம்கூட மூளைப் புற்றுநோய் கூடியதற்குச் சான்றில்லை என்று எழுதினார்கள். காதோடு ஒட்டிப் பேசும் கருவியின் நிலையே இதுவென்றால், எதிர்வீட்டுக் கோபுரத்துக்காகப் பேத்தியின் அறையை மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மேலும், கோபுரம் தொலைவில் இருந்து சமிக்ஞை மெலிந்தால், நம் கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொண்டு அலையை அனுப்பும்; கோபுரத்தை விரட்டுவதால் தலைக்குப் பக்கத்தில் அலை குறையாது, கூடவே செய்யும்.

கோபுரம் வந்தது முதல் தலைவலி என்று எங்கள் தெருவிலும் சிலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால், கருவி இயங்குகிறதா இல்லையா என்பதை மறைத்து வைத்து நடத்திய சோதனைகளில், அலையால் உடல் கெடுகிறது என்போரால் அது இயங்கும் நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இயங்குவதாக நம்பிய நேரத்திலெல்லாம் தலைவலி மட்டும் வந்திருக்கிறது. அச்சமும் உடலைப் படுத்தும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கோபுரத்துக்குத் துணையாக வைக்கும் டீசல் ஜெனரேட்டரைப் பற்றித் தங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. டீசல் புகையை அதே முகமை 2012 ஜூனில் முதல் பிரிவில், ஐயத்துக்கு இடமின்றிப் புற்றுநோய் உண்டாக்குவதாக, வைத்துவிட்டது. இங்கே மின்சாரம் போன மறுநிமிடமே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். அதன் புகைக்குழாய் பக்கத்து வீட்டுச் சன்னல் உயரத்தில் முடிந்திருந்தது. என் மனைவி மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்து வைத்த கூழ்வற்றலைத் திருப்பிப் போடப் போனால், ஒவ்வொன்றின் மேலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரித்துகள். துடைத்தால் எண்ணெய்ப்பசையோடு விரலில் ஈஷிக்கொள்ளும். குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. அந்தச் சன்னலருகே படுத்திருக்கும் முதியவருக்கு இரவெல்லாம் கண் மூட முடியாது. கதிர்வீச்சு என்று எழுதிய மனுவுக்கு, வரம்புக்குள் இருப்பதாக ஒரே வரியில் பதில் வந்தது. கரித்துகளைக் காகிதத்தில் மடித்து இணைத்து எழுதிய இரண்டாவது மனுவுக்குப் பிறகே ஆள் வந்து குழாயை மேலே உயர்த்தினார்கள். சத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கோபுரமே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கரையேறியபோது, கோபுரங்கள் செயலிழந்து, உறவினர் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் தவித்ததைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

குவாலியரில் ஒரு கோபுரத்தை நிறுத்தச் சொல்லி 2017இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைக் காட்டிக் கோபுரமே கூடாது என்று வாதாடலாம் எனத் தங்கள் தெருவிலும் யாராவது சொல்லக்கூடும். அதை மட்டும் நம்பி மனுவை எழுத வேண்டாம். தங்கள் எதிர்வீட்டுப் பழைய கட்டடம் இத்தனை பளுவைத் தாங்கும் என்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று எங்கே என்று முதலில் கேளுங்கள். பலகைகள் எந்த உயரத்தில், எந்தத் திசையை நோக்கி அமையும் என்பதை வரைபடத்தோடு கேளுங்கள். ஜெனரேட்டருக்குப் பதில் மின்கலம் போதுமா என்றும், போதாதெனில் ஒலித்தடுப்புக் கூண்டும் கூரைக்கு மேல் உயர்ந்த குழாயும் உண்டா என்றும் எழுத்தில் உறுதி வாங்குங்கள். கோபுரம் இயங்கத் தொடங்கிய பின், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், வீட்டுக்கே வந்து அளந்து தருவார்கள். அளவு வரம்பை மீறினால் அப்போது சண்டை போடலாம். நானும் கூட வருகிறேன்.

மனுவின் வரைவை அனுப்பி வையுங்கள், திருத்தித் தருகிறேன். பொங்கல் கழிந்து அந்தப் பக்கம் வரும்போது, தங்கள் மாடியிலிருந்து எதிர்மாடியின் உயரத்தையும் பார்த்துவிடலாம். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், பேத்திக்கு ஆசிகளும்.

தங்கள் அன்புள்ள,
தட்சிணாமூர்த்தி