பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஷெஃபீல்டில் உன் தோழி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ‘டாக்டர் ஹூ’ தொடரின் ‘ரோசா’ அத்தியாயத்தை மறுபடியும் பார்த்ததையும், அது முடிந்தபின் எழுந்த வாக்குவாதத்தில் மனம் நொந்து நீ பாதியிலேயே கிளம்பி வந்ததையும் படித்துவிட்டு, உடனே பதில் எழுத மனம் வரவில்லை. அத்தியாயத்தை நானும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இரண்டு முறை பார்த்தேன். 1955இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில், பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் கதை அது; அந்த மறுப்பை நடக்கவிடாமல் செய்ய ஒருவன் முயல, அது நடந்தே தீரும்படி காலப்பயணியான டாக்டரும் நண்பர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். நீ கல்லூரியில் படித்தபோது இந்தத் தொடரின் பழைய அத்தியாயங்களைக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தாயே, அதனால் எனக்கு இதில் எதுவும் அந்நியமாக இல்லை.

தொடர் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது, விண்வெளிக் கதை கேட்க வந்தவர்களுக்கு நிறவெறி பற்றி வகுப்பு எடுக்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அவருக்கு நீ நீண்ட பதில் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. 1963 நவம்பர் 23 அன்று இந்தத் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானபோது, டாக்டரின் காலப்பயண வாகனமான அந்த நீலப் பெட்டிக்குள் ஏறிய இரண்டு சாதாரண மனிதர்களும் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியர், மற்றவர் வரலாற்று ஆசிரியை. பிள்ளைகள் வரலாறும் அறிவியலும் கற்க வேண்டும் என்பதையும் மனத்தில் கொண்டே அதை உருவாக்கினார்கள். அந்த முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். அடுத்த ஆண்டே அந்த வரலாற்று ஆசிரியை பார்பரா, ஆஸ்டெக் மக்களிடையே தெய்வமாகக் கருதப்பட்டு, நரபலியை நிறுத்தப் போராடித் தோற்றுப்போகும் கதை வந்தது. வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் அவளிடம் அப்போது சொன்னதற்கும், 2018 அக்டோபர் 21 அன்று ஒளிபரப்பான ‘ரோசா’வில் அவர்கள் மாட்டிக்கொள்ளும் இக்கட்டுக்கும் இடையே இருப்பது நேரான வாரிசு உறவு. ஆகவே பாடம் புதிதாக நுழைந்தது என்பவர் தாம் நேசிக்கும் தொடரையே சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வில்லன் வலுவில்லாதவன் என்ற குறையை அவ்வளவு எளிதாக நான் தள்ளமாட்டேன். கிராஸ்கோ தொலைதூர எதிர்காலத்திலிருந்து வந்த கொலையாளி. ஆனால் இனி யாரையும் கொல்ல முடியாதபடி சிறையில் அவன் மூளையில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டார்கள். அதனால் ஓட்டுநரின் பணிநேரத்தைக் குலைப்பது, பேருந்தைக் கெடுப்பது என்று சின்னச் சின்னத் தடங்கல்களால் வரலாற்றைத் திருப்பப் பார்க்கிறான். அவன் வெறுப்புக்குக் காரணம் ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனாலும் கதையை எழுதிய மலோரி பிளாக்மேனும் கிறிஸ் சிப்னலும் ஒரு பெரிய தவறைச் செய்யாமல் தவிர்த்திருக்கிறார்கள். மான்ட்கோமரி நகரத்து நிறவெறிக்கு அவர்கள் வேற்றுக்கிரகத்து உயிரைக் காரணமாக்கவில்லை. ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக்கை எந்த அசுரனும் ஆட்டுவிக்கவில்லை. 1943இல் முன்வாசலில் கட்டணம் செலுத்திய ரோசா பார்க்ஸைக் கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறி வரச் சொல்லி, மறுத்தபோது பேருந்தைவிட்டு வெளியேற்றியவர் அதே பிளேக். அத்தியாயமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கையுறையைத் தவறவிட்ட வெள்ளைக்காரப் பெண்ணிடம் அதை எடுத்துக் கொடுக்கப்போன, டாக்டரோடு வந்த கறுப்பின இளைஞன் ரயனைக் கன்னத்தில் அறைகிறவரும் அவ்வூர் மனிதர்தான். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லைப் பற்றி ரோசா அப்போது எச்சரிக்கிறார். அந்த இடத்தில் என் உடம்பு சில்லிட்டது. ரயன் செய்தது ஒரு சிறு மரியாதை மட்டுமே.

என்னைத் தூங்கவிடாத குறை வேறு. ஒரு பேருந்து, ஓர் ஓட்டுநர், ஒரு மாலைப்பொழுது, இவற்றில் ஏதாவது பிசகினால் எல்லாமே கைநழுவிப் போய்விடும் என்பதுபோல் கதை காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்று உங்களில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது சரி. அந்தத் தவறை நான் கதை எழுதாமலே செய்தவள். வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண் ஒருத்தி கால்வலியால் எழுந்திருக்க மறுத்தாள், அதிலிருந்து ஒரு புரட்சி வெடித்தது என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். உடம்பில் களைப்பு ஒன்றும் இல்லை, அடங்கி அடங்கிப் போய்த்தான் அலுத்துப்போயிருந்தது என்று ரோசா பார்க்ஸே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பதைப் பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்புதான் படித்தேன். அன்று அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக உழைத்தவர். அந்தக் கோடைக்காலத்தில்தான் டென்னசியில் உரிமைப் போராட்டப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்திருந்தார்.

அவருக்கு முன்பும் மறுத்தவர்கள் உண்டு. ஒன்பது மாதங்களுக்கு முன், 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கொல்வின் என்ற பதினைந்து வயது மாணவி அதே நகரத்துப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். மேரி லூயிஸ் ஸ்மித் என்ற பதினெட்டு வயதுப் பெண் கைதானது அக்டோபர் 21 அன்று. தேதியைக் கவனித்தாயா? அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான் ‘ரோசா’ ஒளிபரப்பானது. ஆனால் என் நினைவுக்கு எட்டியவரை அந்தப் பெண்ணின் பெயர் அதில் ஒலிக்கவில்லை. ரோசா கைதான இரவில் அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடியக் கண்விழித்துப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்திராவிட்டால், டிசம்பர் 5 அன்று மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்திருக்கவும் முடியாது, 381 நாட்கள் நடந்தே வேலைக்குப் போய்வந்திருக்கவும் முடியாது. பேருந்துகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் கொல்வினும் ஸ்மித்தும் இருந்தார்கள், ரோசா பார்க்ஸ் இல்லை. ஐம்பது நிமிடக் கதைக்குள் இத்தனையும் அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரோசாவின் வீட்டில் ரயன் மார்ட்டின் லூதர் கிங்கையும் வழக்கறிஞர் ஃபிரெட் கிரேயையும் சந்திக்கும் காட்சியை வைத்து, பின்னால் ஓர் அமைப்பே நின்றது என்று கோடிகாட்டியிருக்கிறார்கள். எனினும் ஒரு மாணவியின் பெயரையாவது யாராவது ஒருவர் வாயில் போட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

இனி, உங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோனதாக நீ எழுதியிருந்த அந்தப் பேருந்துக் காட்சிக்கு வருகிறேன். டாக்டரும் நண்பர்களும் இறங்கிப் போய்விடலாம் என்று எழும்போது, தாங்கள் இறங்கினால் இருக்கைகள் காலியாகிவிடும், வெள்ளையர் யாரும் நிற்க வேண்டியிராது, பிளேக் ரோசாவை எழச் சொல்லவும் தேவையிராது என்பது அவர்களுக்குப் புரிகிறது. ஆகவே அவர்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர்களுக்கு உதவ மனம் இருக்கிறது, உதவும் வலிமையும் இருக்கிறது, ஆனால் உதவக்கூடாது. நான் இதற்கு உடந்தையாக இருக்க விரும்பவில்லை என்று டாக்டரின் நண்பர்களில் ஒருவரான கிரஹாம் தவிக்கிறார். அவர் யார் என்று எண்ணிப்பார். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். கறுப்பினப் பெண்ணான கிரேஸை மணந்து, இரண்டு அத்தியாயங்களுக்கு முன்புதான் அவளைப் பறிகொடுத்தவர். ரோசா பார்க்ஸைப் போற்றிய அந்த மனைவியின் நினைவோடு, ரோசாவை எழவைக்கும் வெள்ளைக்காரப் பயணிகளில் ஒருவராக அவரே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் அன்று நடந்தது இதைவிடக் கொடுமை: நின்றவர் ஒரே ஒரு வெள்ளையர்; அவர் ஒருவர் உட்காருவதற்காக வரிசையில் இருந்த நான்கு கறுப்பினப் பயணிகளும் எழ வேண்டியிருந்தது, ஏனென்றால் இரு நிறத்தாரும் ஒரே வரிசையில் அமரக்கூடாது.

டாக்டர் என்றால் காப்பாற்றுகிறவர், அவரைக் கைகட்டி உட்காரவைத்தது துரோகம் என்று கோபித்தவர்களும், இதைவிட உயர்ந்த காட்சி இந்தத் தொடரில் வந்ததில்லை என்று கண்கலங்கியவர்களும் ஒருவரையொருவர் எதிரிகளாக எண்ணிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். இரு சாராரும் ஒன்றையே உணர்ந்தார்கள் என்பது என் எண்ணம். இந்தத் தொடர் இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த வழியைப் பார். 2007இல் மார்த்தா என்ற கறுப்பினப் பெண் ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் இறங்கியதும், தன்னை அடிமையாக இழுத்துப்போய்விட மாட்டார்களா என்று கேட்டபோது, ஊரே உன்னுடையது போல நடந்துபோ என்று சொல்லி அன்றைய டாக்டர் கடந்துபோய்விட்டார். 2017இல் பில் என்ற கறுப்பினப் பெண்ணை 1814ஆம் ஆண்டுப் பிரபு ஒருவர் இழிவாகப் பேசியதும், டாக்டர் அவர் முகத்தில் ஒரு குத்து விட்டார். கைதட்டி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தக் குத்து பார்த்துக்கொண்டிருந்த நமக்கு ஆறுதல் தந்தது. அதற்குமேல் எதையும் மாற்றவில்லை. அடுத்த ஆண்டில் அந்த ஆறுதலும் நமக்குக் கிடைக்கவில்லை. நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்துகொண்டு, வெறுமனே இருக்கையில் அமர்ந்திருப்பதாலேயே ஒரு கொடுமையின் உறுப்பாகிவிட முடியும் என்பதை அந்தக் காட்சி காட்டிவிட்டது. அது பொறுக்காமல் கோபப்பட்டவர் காட்சியைச் சரியாகவே பார்த்திருக்கிறார் என்பேன். வழக்கமான நிறைவு இசைக்குப் பதிலாக ஒரு பாடலை ஒலிக்கவிட்டது பற்றிய சண்டையெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த நிமிடத்தில் அமைதியே போதும் என்று எனக்கும் தோன்றியது, அவ்வளவுதான்.

டாக்டரின் இன்னொரு துணையான இளம் காவலர் யாஸ்மினைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே உன் வலி முழுவதும் இருந்தது. உன் ஊரான ஷெஃபீல்டுப் பெண் அவள், பஞ்சாபிலிருந்து வந்த குடும்பத்தவள். மான்ட்கோமரியில் அவளை மெக்சிகோக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரயன் பின்னால் போயே ஆகவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவள் எங்கே உட்கார வேண்டும் என்பது அவளுக்கே தெரியவில்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருவரும் ஒளிந்திருக்கும்போது, காவலராகக் குடும்பச் சண்டையைத் தீர்க்கப்போகும்போதும் தன்னை இனத்தைச் சொல்லி இழிவாக அழைக்கிறார்கள், மசூதியிலிருந்து திரும்பும்போது பயங்கரவாதி என்கிறார்கள் என்று அவள் ரயனிடம் சொல்கிறாள். அவளை முன்னிருக்கையில் அனுமதிப்பது அவளுக்குக் கிடைத்த மரியாதை ஆகாது. ரயனோடு சேராமல் இருப்பதற்கான கூலி அது. நம் ஊரில் யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வியை நான் புத்தகம் படித்து அறிந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

நீ கடிதத்தின் கடைசியில், ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டவள் போல எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் இருந்த ஒரே கறுப்பினப் பெண், ரயனைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள். இது வெறும் தொலைக்காட்சித் தொடர்தானே என்று யாரோ சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். அவள் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் கிளம்பி வந்ததற்கு நீ சொன்ன காரணம் வாக்குவாதம். உன்னைப் பெற்றவளுக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை, கண்ணம்மா. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கிரஹாமின் முகத்தைப் பார்த்து நீ ஏன் அழுதாய் என்று நீயே கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

உன் அப்பா செவ்வாய்க்கிழமை அனுப்பிய பொட்டலத்தில் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கின்றன, இருவருக்குப் போதும். அது வந்துசேர்ந்ததும் அந்தப் பெண்ணை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. ரயனைப் பற்றி அவள் சொல்ல வந்தது என்ன என்று கேள். இடையில் நீ பேசாதே, அத்தியாயத்துக்காக வாதாடாதே. அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. இரண்டு முறை பார்த்தும் என் கண்ணுக்குத் தப்பியது ஏதோ அதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. தெரிந்துகொண்டு மூன்றாவது முறை பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
அம்மா