செல்வாவுக்கு: டயரின் உள்பக்கத்தைப் பார்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கே இன்னும் பதில் போடாமல் இருக்கிறேன். இப்போது பொங்கலும் போய்விட்டது. நீ கோபமாக இருந்தால் அது நியாயம்தான். மன்னித்துவிடு. ஆனால் நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "பையன் மைவிய இறக்கப் போறானாம், ஸ்பிரிங்கும் வாங்கிட்டான்" என்று சொல்லிச் சிரிக்கிறாய். அந்தச் சின்னக் காரின் உயரத்தைக் குட்டை ஸ்பிரிங் போட்டுக் குறைக்கப் போகிறான் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடை வரை தானே நடந்து போய் வருகிறார். உமா நலம். யாழினி உயர்நிலை மூன்றுக்குப் போய்விட்டாள், என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். மணியண்ணனைத் தெக்காவில் பார்த்தேன். கையில் அதே பச்சைக் குடை. நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சரி, கார் விஷயம். என் சிவிக் உனக்குத் தெரியும். 2008இல் நீயும் நானும் போய் எடுத்து வந்த அதே வண்டிதான். 2018இல் வண்டி வைத்திருக்கும் உரிமச் சீட்டான சிஓஇ-யைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். போன பிப்ரவரியில் குலுக்கல் தாங்கும் அப்சார்பர் நான்கும் போய்விட்டன. மாற்றத்தான் வேண்டும் என்றானதும், வெகுநாள் ஆசை, கூடவே குட்டை ஸ்பிரிங்கும் போட்டுவிட்டேன். வண்டி சுமார் 35 மில்லிமீட்டர் இறங்கியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மறைந்து, வண்டி தரையோடு ஒட்டி நின்றது. அழகாக இருந்தது, செல்வா. இப்போதும் அழகுதான். வண்டியை இறக்குவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. இறக்கிய பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் தப்பு.

மாட்டிக் கொடுத்த கடையில் "அலைன்மென்ட் பார்த்தாச்சு" என்றார்கள். அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்துவிட்டார்களாம். பில்லிலும் போட்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது முன்பக்க டோ, அதாவது சக்கரம் பார்க்கும் திசை மட்டும் என்பது ஒன்பது மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பின்பக்கத்தை அளக்கவே இல்லை. அளந்த தாளைக் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. வண்டி நேராக ஓடியது, ஸ்டியரிங் நடுவில் நின்றது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். மாதா மாதம் காற்று அடிக்கும்போது டயரைப் பார்ப்பேன். வெளிப்பக்கம் டயரின் பூ (பள்ளக்கோடுகள்) நன்றாகத்தான் இருந்தது, இன்னும் ஒரு வருடம் ஓடும் போல.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாழினியை நடன வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். நம் நவம்பர் மழை உனக்குத் தெரியும், வைப்பரை முழு வேகத்தில் விட்டாலும் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். எஸ்எல்இ விரைவுச்சாலையிலிருந்து லென்டோர் அவென்யூவுக்கு இறங்கும் வளைவு. வேகம் 50கூட இருக்காது. பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன். பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே போனது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன், மறுபக்கம் வீசியது, கடைசியில் சாலைக்குக் குறுக்காக நின்றோம். பின்னால் வந்த லாரிக்காரர் எங்கள் கதவுக்கு இரண்டு ஆள் தூரத்தில் நிறுத்தினார். யாழினி பின்சீட்டில், அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு. அவள் அலறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, காரு ஏன் தானா திரும்புச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

யாருக்கும் அடி படவில்லை. வண்டியிலும் கீறல் இல்லை. ஆனால் அந்த லாரியின் முன்விளக்கு கதவுக் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உமாவிடமே இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். உனக்கு எழுதாமல் இருந்ததற்கும் காரணம் இதுதான். எழுத உட்கார்ந்தால் இதை எழுத வேண்டியிருக்கும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து, கார்பார்க் நான்காவது மாடியில் நிறுத்தினேன். யாழினியை மேலே அனுப்பிவிட்டு, ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, கைப்பேசி விளக்கைப் பின் டயருக்கு அடியில் அடித்துப் பார்த்தேன். முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் கண்ணில் படும். பின் டயரை அப்படிப் பார்க்க முடியாது. படுத்தால்தான் தெரியும். வெளிப்பக்கம் 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்த அதே டயரில், உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூவே இல்லை. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இங்கே வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் ரப்பரும் போய், உள்ளே இருக்கும் கம்பி நரைமுடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தடவிப் பார்த்த விரலில் குத்தி ரத்தம் வந்தது. அதன் மேல்தான் என் மகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் இழுவை வண்டி வைத்து காக்கி புக்கிட்டில் ஒரு டயர் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், அறுபது வயதிருக்கும், டயரைப் பார்த்ததும் பேசாமல் தன் செருப்பு இரண்டையும் கழற்றித் தரையில் வைத்தார். முதலில் இரண்டையும் உள்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். "இது கேம்பர்." பிறகு நிமிர்த்தி வைத்து, இரண்டின் முனையையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினார், வாத்து நடக்கிற மாதிரி. "இது டோ. உன் டயரைத் தின்றது இதுதான்." எனக்கு உடனே உன் ஞாபகம். செம்பவாங்கில் நாம் ஒரே அறையில் இருந்தபோது, வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தாலும் வலது குதிகால் தேய்ந்தது எது என்று பார்த்தே நீ வந்துவிட்டாய் என்று கண்டுபிடிப்போமே! நீ காலை இழுத்து நடக்கிற மாதிரிதான் என் பின் சக்கரமும் நடந்திருக்கிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். சிவிக்கின் பின்பக்கம் சக்கரத்தை மேலே ஒரு இரும்புக் கை, கீழே ஒரு கை பிடித்திருக்கின்றன. மேல் கை குட்டை. வண்டியை இறக்கும்போது இரண்டு கைகளும் சுழல்கின்றன. குட்டையான மேல் கை சக்கரத்தின் தலையைச் சீக்கிரமாக உள்ளே இழுத்துவிடுகிறது. சக்கரம் உள்பக்கம் சாய்கிறது. அதோடு போனால்கூடப் பரவாயில்லை, சாய்வு மட்டும் இருந்தால் டயர் தேயும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் தேயாது. சக்கரம் பார்க்கும் திசையைப் பிடித்து வைத்திருக்கும் தண்டு வேறு நீளம், வேறு கோணம். அதுவும் சேர்ந்து சுழலும்போது திசையே மாறிவிடுகிறது. சக்கரம் சாய்ந்து, உள்விளிம்பில் எடை ஏறி, அதே விளிம்பு தரையில் இழுபடவும் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெஷினில் ஏற்றி அளந்த தாளை வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் சிவப்பு, அளவு தாண்டியவை. பின் இடது கேம்பர் மைனஸ் 2.7 டிகிரி, அதாவது அவ்வளவு உள்பக்கச் சாய்வு. டோ வெளிப்பக்கம் கால் டிகிரி. கால் டிகிரி என்றால் கண்ணுக்கே தெரியாது. அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. பிப்ரவரியிலிருந்து நான் ஓட்டியது 15,000 கிலோமீட்டர். அப்படியென்றால் சுமார் 65 கிலோமீட்டர் அந்த டயர் குறுக்காகவே இழுபட்டிருக்கிறது. இந்தத் தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கே 50 கிலோமீட்டர்தான், செல்வா.

கேம்பரைச் சரிசெய்ய என் வண்டியில் திருகுவதற்கு இடமில்லை. நீளம் மாற்றக்கூடிய மேல் கைகள் இரண்டு வாங்கிப் போட்டேன், 260 வெள்ளி. நான்கு டயர் 520. அலைன்மென்ட் 60. முதலிலேயே அந்த 60 வெள்ளியைச் சரியான இடத்தில் கொடுத்திருந்தால் போதும். இப்போது பின்பக்கம் மைனஸ் 1.3, டோ துளியளவு உள்பக்கம். மழையில் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போகிறது. இருந்தாலும் வாரம் ஒருமுறை படுத்துப் பார்க்கிறேன். காவலுக்கு வரும் அங்கிள் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தானே டார்ச் அடிக்கிறார்.

இனி உன் மகனுக்கு. அவன் மைவியில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே உத்தரம் மாதிரிப் பிடித்திருக்கும் அமைப்பு. அதனால் பின்பக்கம் என் வண்டி அளவுக்கு மாறாது. முன்பக்கம்தான் கவனம். இறக்கியதும் டோ கட்டாயம் மாறும். அளக்காமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம் என்று சொல். நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லட்டும், முன்னும் பின்னும் எண்கள் போட்ட தாளைக் கையில் வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்று, இது பாக்சிக் சொல்லித்தான் எனக்கே தெரியும்: கைகளில் ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது. வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புது ஸ்பிரிங் சில வாரத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரும், அதனால் மறுபடியும் ஒருமுறை அலைன்மென்ட். அப்சார்பர் பழசு என்றால் குட்டை ஸ்பிரிங்கே வேண்டாம். அதில் பிடிவாதம் பிடித்தால் போனை என்னிடம் கொடு, நான் பேசுகிறேன்.

அவன் வாரா வாரம் பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு அதே வண்டியில்தானே வருகிறான்? மெனோரா சுரங்கம் தாண்டி அந்த நீண்ட இறக்கத்தில், மழையில், பக்கத்தில் டிரெய்லர்கள். நான் 50இல் வழுக்கினேன். அங்கே யாரும் 50இல் போவதில்லை. நேற்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

இப்போது போட்டிருக்கும் டயரையும் பார்க்கச் சொல். ஓரத்தில் நான்கு எண் இருக்கும், அது டயர் செய்த காலம்: முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். பூவின் குறுக்காக உள்ளங்கையால் ஒரு பக்கம் தடவி, பிறகு எதிர்ப்பக்கம் தடவட்டும். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் ரம்பம் மாதிரிக் கையில் தட்டினால் டோ இப்போதே தப்பு என்று அர்த்தம். இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை அவன் வந்து இறங்கியதும் சாப்பாட்டுக்கு முன்னால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, முன் டயர் இரண்டின் உள்பக்கத்தையும் நீயே படம் எடுத்து எனக்கு அனுப்பு. பின் டயருக்குப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள். அன்று நான் காலை வேலைதான், மதியம் இரண்டு மணியிலிருந்து கைப்பேசி கையிலேயே இருக்கும்.

பள்ளி விடுமுறைக்கு வரப் பார்க்கிறோம். அம்மா உன்னிடம் தம்புன் பம்பளிமாஸ் கேட்கச் சொன்னார், போன முறை கொண்டுவந்த அதே கடையில்.

அன்புடன்,
ரவி