ஏசியைத் திருப்பிப் போட்ட கதை

லெஸ்டர்,
ஜனவரி 2026

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டு, சூர்ய கர் மானியம் 78,000 ரூபாயும் வங்கியில் ஏறிவிட்டதாமே! நீ வெயிலைக் காசாக்குகிறாய், நான் குளிருக்கு அழுதுகொண்டிருக்கிறேன். என் கதையையும் கேள்.

போன மார்ச்சில் வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் பாய்லர் பதினெட்டு வருஷம் உழைத்துவிட்டுப் படுத்துவிட்டது. அதற்குப் பதில் ஹீட் பம்ப் வைத்தோம். ஒன்றுமில்லை, உன் வீட்டு ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரிதான். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு அரசு 7,500 பவுண்டு தருகிறது. 2023 அக்டோபர் வரை 5,000தான் இருந்தது. நீ முதலில் பணத்தைக் கட்டிவிட்டு மானியத்துக்குக் காத்திருந்தாய் அல்லவா? இங்கே பொருத்துகிற கம்பெனியே ஆஃப்ஜெம் என்ற மின்சார, கேஸ் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டு, பில்லில் கழித்துவிடுகிறது. கழித்த பிறகும் ஐயாயிரம் பவுண்டு கைவிட்டுப் போனது, அது வேறு விஷயம்.

பில் குறைந்ததா என்றுதானே கேட்பாய்? பெரிதாக இல்லை. இங்கே கரண்டு யூனிட் விலை கேஸைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மூன்று மடங்கு சூடு வந்தும் கணக்கு அதே இடத்தில்தான் நிற்கிறது. மானியம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விலையைச் சரிசெய்யத் தெரியவில்லை. அப்புறம், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் முன்போல் கொதிப்பதில்லை, நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். மீனா தினமும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுதா, இல்லையா?" என்கிறாள். ஹீட் பம்ப்போடு வெந்நீர் டேங்க்கும் வந்து அவளுடைய போர்வை அலமாரியைப் பிடித்துக்கொண்ட கோபமும் அதில் உண்டு.

உண்மையில் வித்தியாசம் தெரிந்தது கூரைக்கு அடியில் இருக்கும் பரணில்தான். அங்கே சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு நான்கு அங்குலத்துக்கு நைந்துபோய்க் கிடந்தது. அதன் மேல் புதிதாகப் பரப்பி, இங்கே சொல்லும் 270 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். நானும் பையனும் முகமூடி போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தவழ்ந்தோம். இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு. ஆனால் அன்றிரவே மாடி அறையில் குளிர் அடங்கிவிட்டது. மானியம் எதுவும் இல்லை, முந்நூறு பவுண்டுகூட ஆகவில்லை.

சுவர்தான் பாக்கி. நூறு வருஷத்துப் பழைய வீடு, ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் பஞ்சு அடைக்க இடைவெளி கிடையாது. வெளிப்பக்கம் சூட்டைத் தடுக்கும் பலகை ஒட்டிப் பூச வேண்டும். ஒருவர் வாசலுக்கே வந்து, "எல்லாம் இலவசம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. அரசுத் திட்டங்களில் அப்படி வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைகளாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் சுவரெல்லாம் பூஞ்சைதான். அன்றைக்குத்தான் மீனா என்னைப் பாராட்டினாள்.

மே மாதம் ஸ்ரீரங்கம் வருகிறோம். பேனல் நிழல் விழுவதால் உன் மாடி அறையில் அனல் குறைந்திருக்கிறதா? எங்களை அங்கேதான் படுக்கவைப்பாய், அதனால் உண்மையைச் சொல்.

அன்புடன்,
கண்ணன்