ஸ்டேஷன் வாசலில் முடியும் விபத்து வழக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாவட்டப் பக்கத்தில் 'பைக் மோதி மூதாட்டி படுகாயம், போலீஸார் விசாரணை' என்பது போன்ற செய்தி அடிக்கடி வருகிறது. அந்த விசாரணை எப்படி முடிந்தது என்பது மட்டும் வருவதில்லை. பல நேரம் ஸ்டேஷன் வாசலிலேயே நாலு பேர் கூடி, "கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. இடுப்பெலும்பு முறிவு. பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். "சின்னப் பையன், கேஸ் போட்டா அவன் பொழப்பு போயிடும்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் நஷ்ட ஈட்டைக் கொடுக்க வேண்டியது அந்தப் பையன் அல்ல, வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி என்பதை அங்கே நின்ற ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தானே? (இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் உரிமையாளர் தலையில்தான் விழும், அது வேறு கதை.)

எஃப்.ஐ.ஆரும், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பியும் இல்லாவிட்டால், பிறகு நஷ்ட ஈடு கேட்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்ததை நிரூபிப்பதே பெரும்பாடு. எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். சென்னையில் அடிபட்டவர்கூட, தான் வசிக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

"வீட்டுல சும்மா இருக்கிற பொம்பளைக்கு என்ன வருமான இழப்பு?" என்று பஞ்சாயத்தில் கேட்பவர்களும் உண்டு. வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு, அதை வருமானமாகக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் சொல்லியிருக்கிறது. நம் பக்கமும் கொஞ்சம் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மொத்தமும் போய்விடாது.

வக்கீலுக்குக் காசு? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100-க்குப் போன் செய்தால் போதும். இது தெரியாததால்தான் ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "வர்ற பணத்துல இத்தனை பர்சென்ட்" என்று பேரம் பேசும் புரோக்கர்களிடம் சிக்குகிறார்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் வக்கீல் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்திருக்கின்றன.

விபத்துச் செய்திக்குக் கீழே அந்த எண்ணையும் ஆறு மாதக் கெடுவையும் இரண்டு வரியில் நீங்கள் போட்டால் என்ன?

இப்படிக்கு,
வாசகி, ஆரணி