வெறுங்காலோடு நடந்து பார்த்தவருக்கு

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஆடி மாதம் பள்ளி மைதானத்தில் என்ன நடந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று மைதானத்துக் கல்லில் விழுந்து அடிபட்ட பிள்ளை தேறிவிட்டாள். நேற்று மாலை அவள் வீட்டுத் திண்ணையோரமாக, யார் கையையும் பிடிக்காமல் நான்கு எட்டு வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மைதானத்தில் இருந்த கற்கள் வெளியே வந்துவிட்டன. மொத்தம் 14.

நன்றி சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்ணில் கல் புதிதில்லை. கிணறு வெட்டினாலும் கல், அஸ்திவாரம் தோண்டினாலும் கல். பூமிக்குள் இருக்கும் கருங்கற்பாறையில் வெடிப்பு விட்ட இடங்களில் நீர் இறங்கி ஓரங்களை மண்ணாக்கிவிட, கரையாமல் எஞ்சிய நடுப்பகுதிதான் உருண்டையாக மண்ணுக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போக, கல்லின் தலை வெளியே தெரிகிறது. "கல் வளர்கிறது" என்று நம் பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். நான் தலைமையாசிரியையாக வந்த இந்த 11 ஆண்டுகளில் அந்தத் தலைகள் ஒவ்வொன்றாக எழும்பியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் போகாதீர்கள் என்று காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னேன். தொட்டுப் பிடித்து விளையாடும் பிள்ளைக்கு முன்னால் ஓடுகிற பிள்ளையின் முதுகுதான் தெரியும், வட்டமா தெரியும்? அந்தப் பொறுப்பு என்னுடையது. அதற்காக இந்த ஊரிடமும், எல்லோருக்கும் முன்பாக அவளுடைய அம்மாவிடமும், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று தன் ஆட்டோவில் இருந்த சவாரியை இறக்கிவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவருக்கும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கூட இருந்த சத்துணவு அம்மாவுக்கும், மறுநாளே கூடி "இனி ஒரு கல்லும் இருக்கக் கூடாது" என்று முடிவெடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நன்றி. பெரிய இயந்திரம் உள்ளே வர வழியில்லை என்று நாங்கள் கைபிசைந்து நின்றபோது, பின்பக்கச் சந்து ஆறடிதானே, ஆறடிக்குள் நுழைகிற வண்டியைத் தேடுவோம் என்று சொன்ன முன்னாள் மாணவருக்கும், அதற்காகத் தன் வேலியின் ஒரு பக்கத்தை ஒரு பேச்சும் பேசாமல் பிரித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. கடப்பாரையோடு வந்த இளைஞர்கள், இரண்டு நாளும் மோர் கரைத்துக் கொடுத்த மகளிர் குழுவினர், புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி ஈரச் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றிய பெண்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பெயர் போட்டால் யாராவது விட்டுப்போவார்கள் என்ற பயத்தில் போடவில்லை.

கல் வேலை தெரிந்த அந்தப் பெரியவரைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறேன். அவர் இல்லையென்றால் நாங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒன்பது கற்களை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போயிருப்போம். "வெயில் காலத்தில் எங்கே புல் முதலில் காயும், சொல்லுங்கள்" என்று பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகள் ஓடி ஓடிக் காட்டினார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கூர்க்கம்பியை இறக்கிப் பார்த்தார். ஒரு சாணுக்குள் கம்பி முட்டியது. புல்லுக்கு அடியில் மண் குறைவாக இருந்தால் ஈரம் நிற்காது, அதனால் அங்கே முதலில் காய்கிறது. இப்படி இன்னும் ஏழு கிடைத்தன. பிறகு ஒவ்வொன்றின் மீதும் சம்மட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 16இல் இரண்டை, "இது கல் இல்லை, பாறையின் தலை. இதை இழுத்தால் வண்டிதான் உடையும்" என்று சொல்லிவிட்டார். அவற்றின் உச்சியை மட்டும் ஓரடி ஆழத்துக்குக் கொத்தி எடுத்து மேலே மண் போட்டிருக்கிறோம்.

சின்ன டிராக்டரைக் கொண்டுவந்த தம்பியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மாந்தோப்புகளில் மர வரிசைகளுக்கு இடையில் உழுவதற்காக அவர் வாங்கிய வண்டி அது. 15 குதிரைத்திறன். பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் அந்த வண்டியின் எடையே முக்கால் டன்னுக்குச் சற்றுக் கூடுதல்தான். எங்கள் பெரிய கல் நான்கடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி கனம். கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டே கால் டன். வண்டியைப் போல மூன்று மடங்கு. பலத்தால் ஆகிற காரியம் இல்லை இது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

இழுக்கிற பக்கமாக மண்ணைச் சரிவாக வெட்டச் சொன்னார். இளைஞர்கள் கடப்பாரையால் கல்லை ஒரு பக்கம் நெம்ப, எழும்பிய இடைவெளியில் உடனே மண்ணும் சிறு கல்லும் திணித்து முட்டுக் கொடுக்க, மறுபக்கம் நெம்ப, மறுபடி முட்டுக் கொடுக்க, இப்படி விரல் விரலாகக் கல் குழிக்குள்ளேயே மேலே ஏறி வந்தது. அதற்குப் பிறகுதான் சங்கிலி. கல்லின் இடுப்புக்குக் கீழே சுற்றி, வண்டியின் பின்னால் மிகத் தாழ்வான கொக்கியில் மாட்டினார். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மீதே மல்லாந்துவிடுமாம். முன்பக்கம் மணல் மூட்டைகளைக் கட்டினார். சங்கிலி அறுந்தால் எகிறி அடிக்கும் என்பதால் அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் எங்களை நிறுத்திவிட்டு, எல்லோரும் போய்விட்டோமா என்று திரும்பிப் பார்த்து எண்ணிய பிறகே வண்டியை நகர்த்தினார். பெரிய கல்லைப் பெரியவர் அரைச்சாண் இடைவெளியில் உளிக்குழி போட்டு, இரும்பு ஆப்புகளை வரிசையாகத் தட்டி நான்காகப் பிளந்துகொடுத்தார். அது பிளந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. துணி கிழிவதைப் போல ஒரு ஒலி வந்தது, அவ்வளவுதான். அந்தக் கல் மீது எனக்கு இருந்த கோபம் அந்த ஒலியோடு போய்விட்டது. இப்போது 14 கற்களும் ஏரிக்கரையில் அரிப்பு ஏற்பட்ட இடத்துக்கு முட்டாகக் கிடக்கின்றன.

இரண்டு நாள் வாடகையை அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதுதான் முறை. டீசலும் டயரும் சும்மா வருவதில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் நன்றி சொல்ல வந்தது அந்த இரண்டு நாளுக்காக இல்லை.

ஆயுத பூஜை அன்று இரவு நல்ல மழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள் என்பதால், விடுமுறையாக இருந்தும் ஏழு மணிக்கே பள்ளிக்குப் போனேன். சந்துக்குள் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து அதன் முன்பக்கம் முழுக்க வழிந்திருந்தன. பின்னால் டிரெய்லரில் பாதி அளவு செம்மண். தம்பி மைதானத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் செருப்பு இல்லை. நான் கதவோரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். என்ன செய்கிறார் என்று முதலில் புரியவில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நேராக நடந்தார். ஓரடி தள்ளித் திரும்பி வந்தார். மறுபடி ஓரடி தள்ளிப் போனார். ஏர் ஓட்டுகிறவர் சால் போடுவதைப் போல. நாம் மூடிய குழி வந்ததும் நின்று, குதிகாலை ஊன்றி உடம்பின் கனத்தை எல்லாம் அதில் இறக்கி அழுத்திப் பார்த்தார். உள்வாங்கிய இடத்தில் மண்வெட்டியால் செம்மண் அள்ளிப் போட்டு, மிதித்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். நடுநடுவே குனிந்து எதையோ பொறுக்கித் தோளில் கிடந்த துண்டின் முடிச்சில் போட்டுக்கொண்டார்.

அருகில் போனதும் துண்டை விரித்துக் காட்டினார். கற்சில்லுகள். கல்லைக் கொத்தியபோதும் பிளந்தபோதும் தெறித்தவை. நகத்தளவு, அரை நகத்தளவு. சில கண்ணாடித் துண்டைப் போலக் கூராக இருந்தன. ஒரு கைப்பிடி அளவு சேர்த்திருந்தார். நாங்கள் இரண்டு முறை பெருக்கிய தரை அது. நானே நின்று பெருக்கவைத்தேன்.

"கல் இருந்த இடத்தில் மண் போட்டால் முதல் மழைக்கு இறங்கத்தான் செய்யும் டீச்சர். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்களே என்று வந்தேன்" என்றார்.

"சில்லு இருப்பது எப்படித் தெரிந்தது தம்பி?" என்று கேட்டேன்.

"செருப்போடு நடந்தால் தெரியாது டீச்சர். பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டா விளையாடுவார்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. 11 ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த மைதானத்தைக் கடந்து அலுவலக அறைக்குப் போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் செருப்போடு. பிள்ளைகளின் கால் படுகிற மண்ணில் என் கால் ஒரு நாளும் பட்டதில்லை. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து நடந்தேன். மழை நனைத்த மண் குளிர்ச்சியாக இருந்தது. பத்தடி போவதற்குள் இடது காலில் சுருக்கென்றது. குனிந்து எடுத்தேன். கோதுமை அளவு ஒரு சில்லு. அதை அவர் துண்டில் போட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, முடிச்சை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார்.

ஒன்பது மணிக்கு முதல் பிள்ளை தன் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து வந்தபோது மைதானத்தை முழுதாக நடந்து முடித்திருந்தோம். தம்பி குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். மண்ணுக்கும் டீசலுக்குமாவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "இதில் என்ன வேலை டீச்சர், நடந்துதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். புதுப் பிள்ளைக்கு வைத்திருந்த கற்கண்டில் ஒரு பிடியை மட்டும் பிடிவாதமாகக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் இந்தப் பள்ளியில் படித்தவர் இல்லை. அவர் பிள்ளைகள் படிப்பதும் வேறு ஊரில். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பார்க்கப் போவதும் இல்லை. விஜயதசமி என்பதால் நான் போனேன், அதனால் தெரிந்தது. இல்லாவிட்டால் புதிதாகச் செம்மண் கிடப்பதைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பேன். இப்படி நமக்குத் தெரியாமலே நமக்காக யார் யாரோ நடந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ என்று இந்தச் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பறையின் மின்விசிறி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, கிணற்றடிக் கம்பிவேலி என்று எதைப் பார்த்தாலும், இதை இவ்வளவு நாள் காத்து வைத்தது யார் என்ற கேள்வி வருகிறது.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்களோ தெரியாது. யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் மணி அடிப்பதற்கு முன், ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில், அந்த மைதானத்தைச் செருப்பில்லாமல் சுவருக்குச் சுவர் நடப்பேன். இந்தத் திங்கட்கிழமை நடந்தேன். மூன்று சில்லுகள் கிடைத்தன. மேசை மேல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவரிடம் சாவிக்கொத்தோடு அந்த டப்பாவையும் கொடுத்து, எதற்கென்று சொல்லிவிட்டுப் போவேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். திரும்பப் பதித்த புல் வேர் பிடிக்கும் வரை அந்தத் திட்டுகளில் பிள்ளைகளை ஆடவிட வேண்டாம். வீட்டுப் பக்கம் அருகம்புல் இருந்தால் வேரோடு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், இன்னும் நான்கு இடத்தில் மண் வெறுமையாகத் தெரிகிறது.

கோ-கோ ஆட 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் வேண்டும். கல் இல்லாத அப்படி ஒரு துண்டு நிலம் நம் பள்ளியில் இதுவரை இருந்ததில்லை, இப்போது இருக்கிறது. கம்பம் நட்டுவிட்டோம். நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மாலை 4 மணிக்கு முதல் ஆட்டம். எல்லோரும் வாருங்கள். தம்பி, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அவள் அன்றைக்கு ஓட முடியாது, டாக்டர் இன்னும் விடவில்லை. ஆனால் விசில் தனக்குத்தான் வேண்டும் என்று நேற்றே என்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தலைமையாசிரியை